அரச முத்திரையும் கல்லூரிச் சாசனமும்: வில்லியம் விக்கம் வரலாறு

கல்லூரி ஒன்றன் வரலாற்றை எழுதப் புகுவோர் அடிக்கல் நாட்டிய ஆண்டையும் அதிபர்களின் பெயர்களையும் முறைப்படத் தொகுத்து வைப்பர். அவை வேண்டுவனவே. ஆயினும், தோற்றுவித்தவர் மறைந்து பல தலைமுறை சென்ற பின்னரும் ஒரு கல்லூரி நின்று நிலவுவது எதனால் என்னும் வினா, தனியே ஆராய்தற்குரியது. அவ்வினாவிற்கு விடை தரத்தக்க வாழ்க்கை வரலாறுகளுள் ஒன்று, பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் விக்கம் என்பாருடையது. அவர் குருவாகவும் அரசாங்க உத்தியோகத்தராகவும் ஒருங்கே விளங்கியவர். எளிய குடியிற் பிறந்து தலைமை அமைச்சராய் உயர்ந்தவர். உயர்ந்த அந்நிலையினின்றும் ஒருமுறை வீழ்த்தப்பட்டவர். அரசன் அருளை நம்பி வாழ்வோர் நிலை எத்துணை நொய்மையானது என்பதை அவ்வீழ்ச்சி அவருக்கு உணர்த்தியது. அதன் பின்னரே அவருடைய இரு கல்லூரிகளும் சாசனம் பெற்றன. இவ்விரு செய்திகளுக்கும் உள்ள தொடர்பினை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

குருமாரும் அரச பணியும்

அக்கால இங்கிலாந்தில் நூற்கல்வி பெரும்பாலும் திருச்சபையைச் சார்ந்தோரிடத்தே தங்கியிருந்தது. அரசனுடைய ஆணைகளும், வரிக் கணக்குகளும், நீதிமன்றப் பதிவுகளும் இலத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டன. ஆதலின் அரசன் தன் அலுவலகங்களைக் குருத்துவ நிலையினரைக் கொண்டே நடத்தவேண்டியவனாயினான். ஆங்கிலத்திலுள்ள 'கிளார்க்' என்னும் சொல் முதலிற் குருத்துவ நிலையினரையே குறித்தது. எழுதுவினைஞரைக் குறித்தது பின்னரேயாம். நம் ஊர்களிற் 'கிளாக்கர்' என நாம் வழங்குஞ் சொல்லும் அவ்வழி வந்ததே.

குருமாரை அரசர் விரும்பியதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. அரச பணியாளருக்குத் திறைசேரியிலிருந்து பெருஞ் சம்பளம் கொடுத்தல் எளிதன்று. தேவாலயங்களுக்கோ நிலமும் தசமபாகமும் மானியமாக இருந்தன. அவற்றுட் பலவற்றிற்குக் குருவை நியமிக்கும் உரிமை அரசனிடம் இருந்தது. ஆகவே தனக்கு நன்கு பணிபுரிந்த எழுத்தாளன் ஒருவனை அரசன் ஒரு பங்கிற்குக் குருவாக நியமிப்பான். அவன் அரண்மனையிலேயே இருந்து எழுதிக்கொண்டிருப்பான்; பங்கின் வருவாய் அவனை வந்தடையும்; அங்கே பூசைகளை நடத்துதற்குக் குறைந்த ஊதியத்தில் ஒரு பதிற்குரு அமர்த்தப்படுவார். இவ்வாறு ஒருவரே ஐந்து, பத்து மானியங்களை ஒருங்கே அனுபவிப்பதும் உண்டு. அரசனுக்கு இது செலவற்ற நிருவாகம். பங்கிலுள்ள ஏழை மக்களுக்கோ தம் குருவைக் காணாத வாழ்வு. விக்கம் இம்முறையால் வளர்ந்தவர் என்பதை மறவாது மேற்செல்லல் வேண்டும்.

இளமையும் முதற் பணிகளும்

வில்லியம் 1324ஆம் ஆண்டளவில், தென்னிங்கிலாந்தின் ஹாம்ஷயர்ப் பகுதியிலுள்ள விக்கம் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். பிறந்த ஊரே பின்னர் அவருக்குப் பெயராயிற்று. தந்தை ஜோன் லோங் என்பவர். அடிமை நிலையினரல்லர் எனினும் செல்வரும் அல்லர். பிள்ளையின் அறிவுக் கூர்மையைக் கண்ட ஒருவர் பொருளுதவி புரிய, வில்லியம் வின்செஸ்ரர் நகரிற் கல்வி பயின்றார். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் கற்றதாக அவரைப்பற்றிச் சான்று இல்லை. பிற்காலத்திற் பல்கலைக்கழகத்தார்க்கு மாபெருங் கல்லூரியை அமைத்தளித்தவர், தாம் அவ்வாயிலுட் சென்று கல்லாதவர் என்பது கருதத்தக்கது.

கல்வி முடிந்தபின் வின்செஸ்ரரில் எழுத்துப் பணியில் அமர்ந்த அவர், அந்நகர மேற்றிராணியாரும் அரசனுடைய பெரிய அமைச்சருமாகிய எடிங்டன் என்பாரின் கண்ணிற் பட்டார். அவ்வழி மூன்றாம் எட்வேட் மன்னனின் சேவைக்குள் நுழைந்தார். 1356ஆம் ஆண்டில் வின்சர்க் கோட்டையின் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர்க்குரிய நாட்கூலி ஒரு ஷில்லிங். வேலையின்பொருட்டு வெளியூர் சென்றால் இரண்டு ஷில்லிங்.

வின்சரில் எட்வேட் எடுப்பித்த அரச மனைகள் அக்காலத்தின் மிகப் பெரிய கட்டட வேலைகளுள் அடங்கும். விக்கம் கல்தச்சர் அல்லர். திட்டத்தை வகுத்தோரும் கல்லைச் செதுக்கினோரும் வேறு. எந்தக் கல் எங்கிருந்து வருவது, எத்தனை வண்டி வேண்டும், யாருக்கு எவ்வளவு கூலி, செலவுக் கணக்கு எங்கே என்பனவே அவர் கவனித்த கருமங்கள். 1348, 1349ஆம் ஆண்டுகளிற் பரவிய கொள்ளைநோயால் மக்கள் பெருந்தொகையாக மாண்டிருந்தனர். 1361இல் அந்நோய் மீண்டும் வந்தது. தொழிலாளர் அருகிய அக்காலத்திற் பல மாவட்டங்களின் அதிகாரிகளுக்கும் அரச ஆணை அனுப்பிக் கல்தச்சரைக் கட்டாயமாகத் திரட்டி வேலையை நடத்தினர். இவ்வாறு ஆளையும் பொருளையும் கணக்கையும் ஒருங்கே ஆளுந் திறனே விக்கத்தின் உயர்ச்சிக்குக் காரணமாயிற்று. ஷெப்பித் தீவிற் கட்டப்பட்ட குயின்பரோக் கோட்டையிலும் அவர் கை இருந்தது.

முத்திரை காத்தவர்

1357இல் நோபோக் பகுதியிலுள்ள புல்லம் என்னும் பங்கின் மானியத்தை அரசன் அவருக்கு வழங்கினான். அவர் குருப்பட்டம் பெற்றதோ 1362ஆம் ஆண்டிலேயாம். மானியம் முன்னும் பட்டம் பின்னுமாக வந்த இவ்வொழுங்கு ஒன்றே அக்கால முறையை விளக்கப் போதியது. பின்னர்ப் பேராலயப் பதவிகள் பல ஒன்றன்மேலொன்றாகக் குவிந்தன. பல மானியங்களை ஒருவரே வைத்திருத்தல்பற்றி ஐந்தாம் ஊர்பான் பாப்பரசர் கணக்குக் கேட்டபோது, 1366இல் விக்கம் கொடுத்த விவரப்படி அவரது ஆண்டு வருவாய் 800 பவுணுக்கு மேற்பட்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் பெற்றவருக்குப் பத்தாண்டுள் நேர்ந்த மாற்றம் இது. சீர்திருத்தவாதியாகிய ஜோன் விக்கிலிவ் சார்ந்த எழுத்துக்களில், ஏழைக் குருமாருக்கு உரிய மானியங்கள் கோட்டை கட்ட வல்லார்க்குச் செல்கின்றன என்னுங் கண்டனம் காணப்படுகின்றது. அது விக்கத்தை நோக்கியதே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

1363இல் அவர் அந்தரங்க முத்திரையைக் காப்பவரானார். இப்பதவியின் இயல்பைச் சிறிது விளக்குவாம். நாட்டின் பெருமுத்திரை சான்சலரிடம் இருந்தது. அது பொறித்த ஆவணமே நில உரிமைக்கும் நியமனத்திற்கும் முடிவான சான்று. ஆயினும், இன்ன ஆவணத்திற்கு முத்திரை இடுக என்னும் அரசனது விருப்பம், அவனைச் சார்ந்திருந்த அந்தரங்க முத்திரையிட்ட ஓலை வழியாகவே பெரும்பாலும் சான்சலரை அடைந்தது. எனவே அதனைக் காப்பவர் அரசனுடைய செவிக்கும் நாட்டின் எழுத்துக்கும் இடையே நின்றார். அவரை அடையாமல் ஒரு காரியமும் நடவாது என்னும் நிலை உண்டாயிற்று. அக்கால வரலாற்றாசிரியரான புருவாசார் என்பாரும், எல்லாம் இக்குருவின் வழியாகவே நடைபெற்றன என்னுங் கருத்துப்பட எழுதியுள்ளார்.

1366இல் எடிங்டன் மறைந்தார். அவருக்குப்பின் இங்கிலாந்தின் மிகச் செல்வம் வாய்ந்த மேற்றிராசனங்களுள் ஒன்றாகிய வின்செஸ்ரர் விக்கத்திற்குக் கிடைத்தது. 1367இல் மேற்றிராணியாராக அபிடேகம் பெற்றார். அவ்வாண்டிலேயே சான்சலர் பதவியையும் ஏற்றார். பெருமுத்திரையே அவர் கைக்கு வந்துவிட்டது.

வீழ்ச்சி

உயர்ந்த மரத்தைக் காற்று முன்னே தாக்கும். பிரான்சுடன் நடந்த போர் 1369இல் மீண்டும் மூண்டு, இங்கிலாந்திற்குச் சாதகமாக அமையவில்லை. வரிச்சுமை ஏறியது. 1371ஆம் ஆண்டுப் பாராளுமன்றம், குருமார் பெரும் பதவிகளில் இருத்தல் ஆகாது; தவறு செய்தால் அரச நீதிமன்றத்திற்கு விடை கூறத்தக்க இல்லறத்தாரே அவற்றை வகித்தல் வேண்டும் எனக் கோரியது. விக்கம் பதவி துறந்தார்.

இதனினும் பெரிய இடர் ஐந்தாண்டின் பின் வந்தது. 1376இற் கூடியதும் 'நற்பாராளுமன்றம்' என வழங்கப்படுவதுமாகிய அவை, அரசனைச் சூழ்ந்திருந்தோருட் சிலர்மீது ஊழற் குற்றஞ் சாட்டித் தண்டனை விதித்தது. அவ்வெழுச்சியில் விக்கம் பாராளுமன்றத்தார் பக்கமே நின்றார். அவை கலைந்ததும், அரசன் மகனும் லங்காஸ்ரர்க் கோமகனுமாகிய ஜோன் அதன் முடிவுகளை மாற்றிவிட்டுப் பழிவாங்க முற்பட்டான். பல்லாண்டுகளுக்கு முன்னர் விக்கம் பதவியிலிருந்த காலத்துச் செயல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அரச பணத்தைக் கையாடினார், போர்க்காரியங்களைக் கெடுத்தார் எனப் பெருங் குற்றங்கள் அடுக்கப்பட்டன. இறுதியில் நிலைநாட்டப்பட்டது ஒன்றே: 80 பவுணாகப் பதியப்பட்ட தண்டப்பணம் ஒன்றைப் பாதியாகக் குறைத்துப் பதிவேட்டைத் திருத்தச் செய்தார் என்பது. அது சிறிது, ஆயினும் தண்டனை பெரிது. மேற்றிராசனத்தின் நிலவருவாய் முழுவதும் பறிமுதலாயிற்று. அரசவைக்கு 20 மைல் அணுகலாகாது எனவும் ஆணை பிறந்தது.

இங்கேதான் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி உள்ளது. இதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே விக்கம் ஏழை மாணாக்கரை ஆதரித்து வந்தார். 1373இல் வின்செஸ்ரரில் இலக்கண ஆசிரியர் ஒருவருடன் பத்தாண்டுக்கு ஒப்பந்தஞ் செய்து பிள்ளைகளைக் கற்பித்தார். ஒக்ஸ்போட்டிலும் அவர் செலவில் மாணாக்கர் பலர் தங்கிக் கற்றனர். அவருடைய வருவாய் பறிக்கப்பட்டபோது, அவர் தம் வீட்டாரைக் கலைத்து, ஒக்ஸ்போட் மாணாக்கரையும் ஊருக்கு அனுப்பநேர்ந்தது என அக்காலக் குறிப்பொன்று கூறும். அரண்மனையில் நடந்த பூசலில் அம்மாணாக்கருக்கு யாதொரு பங்கும் இல்லை. ஆயினும் புரவலர் பெற்ற தண்டனையை அவர் ஊட்டிய பிள்ளைகளும் பகிரவேண்டியதாயிற்று. அவர்கள் உண்டது ஒரு மனிதரின் கையிலிருந்து. அக்கையைக் கட்டியதும் உணவு நின்றது.

1377இற் கூடிய குருமார் சங்கம், விக்கம் அழைக்கப்பட்டாலன்றி அரசனுக்கு வரிப்பணம் வழங்கோம் என்று உறுதியாய் நின்றது. அவ்வாண்டு யூன் மாதத்தில், எட்வேட் மன்னன் இறப்பதற்குச் சின்னாள் முன்னர், பறித்த வருவாய் திருப்பியளிக்கப்பட்டது. அடுத்து அரசுகட்டில் ஏறிய இரண்டாம் றிச்சட் முழு மன்னிப்பும் வழங்கினான்.

இரு கல்லூரிகள்

மீட்சி பெற்ற விக்கம் காலந் தாழ்த்தவில்லை. 1379ஆம் ஆண்டு நவம்பரில் ஒக்ஸ்போட்டில் தூய மரியாள் பெயராற் கல்லூரி ஒன்றற்குச் சாசனம் எழுதினார். அப்பெயரில் வேறொரு கல்லூரி அங்கே முன்னரே இருந்தமையால், இது 'புதுக்கல்லூரி' என வழங்கலாயிற்று. ஆறு நூற்றாண்டு கழிந்தும் அதன் பெயர் புதுக்கல்லூரியே. 1380 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1386 ஏப்ரலில் மாணாக்கர் குடிபுகுந்தனர். 1382 அக்டோபரில் வின்செஸ்ரர்க் கல்லூரிக்குச் சாசனம் பிறந்தது. 1394 மார்ச்சில் அக்கட்டடத்துட் பிள்ளைகள் நுழைந்தனர். கொள்ளைநோயாலும் போராலுங் கற்ற குருமார் அருகிவிட்டனர். அக்குறையை நிரப்புதல் வேண்டும் என்பதே சாசனத்திற் கூறப்பட்ட நோக்கம்.

இவற்றின் அமைப்பினை நோக்குவோம். வின்செஸ்ரரில் ஏழைகளாகிய 70 பிள்ளைகள் இலக்கணங் கற்பர். ஒக்ஸ்போட்டில் மற்றும் 70 பேர் மெய்யியல், இறையியல், சட்டம் முதலியன கற்பர். மேற்கல்லூரியிற் காலியாகும் இடங்கள் கீழ்க்கல்லூரி மாணாக்கரைக் கொண்டே நிரப்பப்படும். ஆண்டுதோறும் ஒக்ஸ்போட்டிலிருந்து அதிபரும் உடன் சிலரும் வின்செஸ்ரருக்கு வந்து, பள்ளியின் நடைமுறையைச் சோதித்து, தகுதியுடையோரைத் தெரிந்தெடுப்பர். பள்ளியையும் பல்கலைக்கழகக் கல்லூரியையும் இவ்வாறு ஒரே திட்டத்திற் பிணைத்தது இங்கிலாந்திற்குப் புதிது.

மாணவர் ஆட்சியிலும் அவருடைய நுண்ணறிவு விளங்குகின்றது. வின்செஸ்ரரில் ஆறு அறைகளிற் பிள்ளைகள் வதிந்தனர். ஒவ்வோர் அறையிலும் மூத்த மாணாக்கர் மூவர் ஏனையோரின் படிப்பையும் நடத்தையையும் கண்காணித்தல் வேண்டும் என விதித்தார். ஆங்கிலப் பள்ளிகளிற் பின்னர் வேரூன்றி, அவ்வழி நம் கல்லூரிகளிலும் வந்து நிலைத்த மாணவர் தலைவர் முறைக்கு ஒரு தொல்வடிவம் இது. புதுக்கல்லூரியிலும் மூத்தோர் இளையோருக்குக் கற்பித்தற்குத் தனி ஊதியம் வகுத்தார்.

யாவற்றினும் முதன்மையானது பிறிதொன்று. இரு கல்லூரிகளும் சட்டப்படி நிலையான கூட்டுக்களாக அமைக்கப்பட்டன. அவற்றிற்கெனச் சொந்த நிலங்கள், சொந்த முத்திரை, சொந்த விதிகள், ஆண்டுக் கணக்கு எல்லாம் இருந்தன. விக்கம் அரசனால் மீண்டும் துரத்தப்பட்டிருப்பினும் அம்மாணாக்கரை அவருடைய சொத்தெனக் கொண்டு துரத்த இயலாது. 1376இற் கண்ட அவலம் மீண்டும் நேராவண்ணம் கட்டிய அணை இஃது என நாம் கருதுகின்றோம். அவர் தம் வாழ்நாள் முழுதும் முத்திரைக்கும் சாசனத்திற்கும் நடுவே பழகியவர். சொல்லால் அளித்த உறுதி சொன்னவரோடு போம், எழுதி முத்திரையிட்ட உரிமை தலைமுறை கடந்து நிற்கும் என்பதை அவரினும் நன்கறிந்தார் அக்காலத்துச் சிலரே.

மீண்டும் அமைச்சர்

1389இல் றிச்சட் மன்னன் ஆட்சியைத் தன் கையில் எடுத்தபோது முதியவராகிய விக்கத்தை மீண்டுஞ் சான்சலராக்கினான். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நடந்தது குறிப்பிடத்தக்கது. அவரும் திறைசேரித் தலைவரும் பாராளுமன்றத்தின் முன் தோன்றி, முத்திரையையும் திறவுகோலையும் ஒப்புவித்துப் பதவி விலகி, தம்மீது குறை கூறுவார் உளராயின் வெளிப்படக் கூறுக என வேண்டினர். குறை கூறுவார் இலராகவே, மன்னன் அவர்களை மீண்டும் அமர்த்தினான். பதினான்கு ஆண்டின் முன் பழைய கணக்கைக் கொண்டு தாக்கப்பட்டவர், இம்முறை தாமே கணக்கைத் திறந்து வைத்தார். 1391இல் விருப்புடன் பதவியை விட்டார். பின்னர் வின்செஸ்ரர்ப் பேராலயத்தின் நடுமண்டபத்தைப் புதுப்பிக்கும் வேலையை வில்லியம் வின்போட் என்னுங் கட்டடக் கலைஞரைக் கொண்டு தொடக்கினார். 1404 செப்டெம்பர் 27ஆம் நாள் காலமாகி, அம்மண்டபத்திலேயே அடக்கம்பெற்றார்.

மதிப்பீடு

அவரைக் குறையற்றவராகக் காட்டுதல் வரலாற்றிற்கு ஏலாது. கல்லூரிகளுக்கு அளித்த செல்வம், பல பங்குகளின் மானியத்தாலும் மேற்றிராசனத்தின் நிலங்களாலும் திரண்டது. போர்க்காலத்தில் இடருற்றிருந்த பிரெஞ்சு மடங்களின் இங்கிலாந்து நிலங்களை வாங்கியும் கல்லூரிச் சொத்தைப் பெருக்கினார். குலப்பெருமை இன்றி உயர்ந்த அவரே, தம் குடும்ப வழியினருக்கு இரு கல்லூரிகளிலும் முதலிடம் உண்டு என விதியெழுதினார். அவ்விதியைப் பற்றிக்கொண்டு தகுதி குறைந்தோரும் நுழைந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தங்களில் அது நீக்கப்பட்டது. பல்கலைக்கழகப் பரீட்சைக்கு உட்படாமலே பட்டம் பெறும் சலுகையும் புதுக்கல்லூரியாரிடம் நெடுங்காலம் இருந்து, கல்வியிற் சோர்வை விளைத்தது. அதனை அவர்கள் 1834இல் தாமாகவே துறந்தனர். நிலையான விதி நல்லதை மட்டும் காப்பதன்று, பிழையையுங் காக்கும். காலந்தோறும் அதனை ஆராய்ந்து திருத்துவாரும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. புதுக்கல்லூரியிற் பயின்ற ஹென்றி சிச்செலி கன்ரபரிப் பேராயராகி, 1438இல் ஒக்ஸ்போட்டில் 'ஓல் சோல்ஸ்' கல்லூரியை நிறுவினார். ஆறாம் ஹென்றி மன்னன் 1440இல் ஈற்றன் பள்ளியையும், அடுத்த ஆண்டிற் கேம்பிரிட்ஜில் அரசர் கல்லூரியையும் தொடக்கியபோது, விக்கத்தின் அமைப்பையே மாதிரியாகக் கொண்டு, வின்செஸ்ரரின் தலைமையாசிரியர் வெயின்பிலீற் என்பாரை ஈற்றனுக்கு அழைத்துக்கொண்டான். அவ்வாசிரியரும் பின்னர் வின்செஸ்ரர் மேற்றிராணியாராகவும் சான்சலராகவும் உயர்ந்து, ஒக்ஸ்போட்டில் மற்றொரு கல்லூரி கண்டார். ஒரு விளக்கினின்றும் பிற விளக்குகள் ஏற்றப்பட்டவாறு இது.

விக்கம் தமக்கும் தம் கல்லூரிகளுக்குங் கொண்ட குறிக்கோள் மொழி, மனிதனை ஆக்குவது நன்னடத்தையே என்னும் பொருளது. குலமரபு காட்டும் மொழிகளைப் பிரபுக்கள் பூண்ட காலத்தில், ஜோன் லோங் மகன் இதனைத் தேர்ந்தான். இலத்தீனிலும் பிரெஞ்சிலுமன்றி, ஊரார் பேசிய ஆங்கிலத்திலேயே அதனை வழங்கினான் என்பதும் சிந்தித்தற்குரியது.

ஏழைப் பிள்ளை ஒருவனுக்கு ஒரு புரவலர் தற்செயலாய் வாய்த்தார். அப்பிள்ளை வளர்ந்து, தனக்கு வாய்த்த நற்பேற்றை ஆண்டுக்கு ஆண்டு எழுபதின்மர்க்கு உரிமையாக எழுதிவைத்தான். வில்லியம் விக்கம் வரலாற்றின் சாரம் இதுவேயாம். அவர் காத்த அரச முத்திரைகள் கைமாறின. அவரை உயர்த்திய மன்னரும் வீழ்த்திய கோமகனும் மறைந்தனர். 1394இல் திறந்த வின்செஸ்ரர்க் கதவு இன்றும் மாணாக்கருக்குத் திறந்துள்ளது. கொடையாளரின் மனமும், அக்கொடையை ஒருவர் கைக்கு அடங்காது காக்கும் ஒழுங்கும், அவ்வொழுங்கைக் காலத்திற்கேற்பத் திருத்தும் துணிவும் ஒருங்கு கூடியவிடத்தே கல்லூரி நிலைபெறும். கற்ற கல்லூரிக்குக் கடப்பாடுடைய பழைய மாணவரும், இன்று அதிற் கற்கும் இளைஞரும் இம்மூன்றினையும் உளங்கொள்வாராக.